வெறும் தண்ணீரில் ஊசி ஆடிய மதியம்

இது நடந்தது. நடந்தபோது நான் தூங்கவில்லை. காய்ச்சலில் இல்லை. மதியச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். என் மேல் சொல்லக்கூடிய குற்றம் அது ஒன்றுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேதி 1973 மே 17, வியாழக்கிழமை. நேரம் பகல் 2.10 முதல் 3.20 வரை. ஆமாம், பகல். பேய் என்றால் நடுச்சாமத்தில் சலங்கை கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். என்னிடம் வந்தது ஆபீஸ் நேரத்தில் வந்தது. ஐந்து நிமிஷம்கூடப் பிசகாமல் வந்தது. எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் யாரிடமும் அந்த ஒழுங்கு கிடையாது.

நான் அப்துல் கனி. அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. பி.எஸ்ஸி. பௌதிகத்தை இரண்டாவது முயற்சியில் தாண்டியவன். தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகும் சாலையில் நான்காவது மைலில் ஒரு பழைய புளிக் கிடங்கு இருந்தது. அதைத்தான் டாக்டர் நஞ்சப்பன் 'ரத்தப் புரத ஒளியியல் ஆராய்ச்சி நிலையம்' என்று அழைத்தார். ஊர்க்காரர்கள் புளிக் கிடங்கு என்றே அழைத்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை. அவர் வாங்கிய பட்டங்கள் பலகைக்குள் அடங்கவில்லை. கடைசி மூன்று எழுத்துகளைப் பெயிண்டர் சுவரில் எழுதிவிட்டுப் போயிருந்தான்.

டாக்டர் இரண்டு வருஷம் ஜெர்மனியில் இருந்தவர். தும்மினால்கூட, "நான் ஜெர்மனியில் இருந்தபோது..." என்று தொடங்கித்தான் துடைத்துக்கொள்வார்.

வேலை இதுதான். ரத்தம் நம் உடம்புக்குள் இருக்கிறவரை ஓடும். வேற்றுப் பொருளைத் தொட்டால் ஒட்டும். முதலில் ஒட்டுவது அதிலுள்ள புரதம்; கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். அதன்மேல் ரத்த அணுக்கள் வந்து உட்காரும். கொஞ்ச நேரத்தில் கட்டி. உடம்புக்குள் வைக்கிற பிளாஸ்டிக் குழாய் அடைத்துக்கொள்வது இப்படித்தான். புரதமே ஒட்டாத ஒரு பூச்சைக் கண்டுபிடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். அதற்கு 'நஞ்சப்பன் பூச்சு' என்று தன் பெயரையே வைத்தார். அடக்கமானவர்.

ஒட்டுகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு கருவி. சினிமாக் கொட்டகையில் கழித்துப் போட்ட விளக்கு ஒன்று. அதிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு வெளிச்சக் கற்றை கிளம்பும். கண்ணாடித் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பூச்சு பூசிய தகட்டில் பட்டுத் திரும்பும். எதிர்ப்பக்கம் இருக்கிற, வெளிச்சத்தைக் கரண்டாக மாற்றும் போட்டோ செல் மேல் விழும். செல்லோடு ஒரு முள் மீட்டர். தகட்டில் எதுவும் ஒட்டாவிட்டால் ஊசி 50-ல் நிற்கும். மயிரிழையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு படலம் ஒட்டினாலும் வெளிச்சத்தின் போக்கு மாறும். ஊசி 50-ஐ விட்டு ஏறும். வெளிச்சத்தை யாராவது மறைத்தால் 0-க்கு விழும். அவ்வளவுதான்.

இதற்குக் கும்மிருட்டு வேண்டும். கிடங்குக்கு ஜன்னல் கிடையாது, பின்கதவும் கிடையாது. முன்கதவில் இரட்டைக் கறுப்புத் துணி. அந்த வருஷ மின்வெட்டில் எங்களுக்குப் பகல் ஒன்றிலிருந்து நான்கு வரைதான் கரண்டு. ஆகவே எங்கள் ராத்திரி பகலில் நடந்தது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

புளி மண்டியில் எடை போடுகிறவன் முதலில் வெறும் தராசைத் தூக்கிப் பார்ப்பான். தட்டு சமமாக நின்றால்தான் புளியை வைப்பான். அதேபோல ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் நாங்கள் ஒரு 'வெற்று ஓட்டம்' ஓட்டவேண்டும். தொட்டியில் ரத்தம் கிடையாது, வெறும் உப்புத் தண்ணீர். ஊசி 50-லேயே நிற்கிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதவேண்டும். அது அசைந்தால் பூச்சிலேயே கோளாறு. அதன் பிறகு எடுக்கிற கணக்கெல்லாம் பொய்.

வெறும் தண்ணீரில் என்ன அசையப்போகிறது? முதல் மாதம், பூச்சு இல்லாத வெறும் தகட்டில் பார்த்தேன்; அசையவில்லை. பிறகு பார்க்கவில்லை. நோட்டில் 50, 50, 50 என்று வரிசையாக எழுதிவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிப்பேன். ரத்தத்தை மெஷினில் சுற்றவைத்து மேலே தெளியும் நீரைப் பிரித்துத் தருகிற நர்ஸ் தெரசாவுக்கு இது தெரியும்.

"பாய், அம்பதுன்னு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு வெச்சுக்குங்க. கையாச்சும் நோவாது."

டாக்டருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 50 அவருக்குப் பிடித்த எண்.

அந்த மே மாதம் தீர்த்தகிரி என்று ஒரு லாரி டிரைவரின் விஷயம் வந்தது. பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு போனவன், தொப்பூர் கணவாயில் கவிழ்ந்துவிட்டான். எலும்பு கூடிவிட்டது. ஆனால் இடது முட்டிக்குப் பின்னால் ரத்தக்குழாய் நசுங்கிப்போய், கால் விரல்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கிடந்தான். அங்கிருந்த வயதான சர்ஜனுக்கு இரண்டு வழிகள்தான். காலை எடுத்துவிடலாம், ஆள் பிழைப்பான். அல்லது நசுங்கிய இடத்தில் டாக்டர் நஞ்சப்பனின் பூச்சுப் போட்ட குழாயை வைக்கலாம். குழாய் ஓடினால் கால் பிழைக்கும், அடைத்தால் உயிர் போனாலும் போகும். சனிக்கிழமை காலை ஆபரேஷன். அதற்குள் எங்கள் சோதனைத் தாள் வரட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று சர்ஜன் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்குத் தீர்த்தகிரியின் மனைவி பாஞ்சாலி கிடங்கு வாசலில் வந்து நின்றாள். தாளைக் கையோடு வாங்கிப்போக வந்திருந்தாள். டாக்டரும் தெரசாவும் ரத்தம் வாங்கத் தருமபுரிக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும்தான்.

"ஏங்க, நீங்கதான் அந்த ஊசியப் பாக்கறவருங்களா?"

"ஆமாம்மா."

"அவருக்கு எடது காலுங்க. லாரில அதாங்க கிளச்சு. அந்தக் காலு போச்சுன்னா அவரு டிரைவரு இல்லீங்க."

"டாக்டர் பாத்துக்குவார்."

"டாக்டரு எங்கீங்க பாக்கறாரு? அவரு பேசறாரு. நீங்கதான பாக்கறீங்க?"

அவள் மரத்தடியில் உட்கார்ந்தாள். நான் வழக்கமாக உட்காரும் இடம். வேறு போக்கிடம் இல்லாமல், ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, முதல்முறையாக வெற்று ஓட்டத்தைப் பார்க்க உள்ளே போனேன்.

2.00. விளக்கைப் போட்டேன். புதுத் தகடு, புதுப் பூச்சு. காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீர். கதவைச் சாத்தினேன், துணிகளை இழுத்துவிட்டேன். இருட்டில் வெளிச்சக் கற்றை மட்டும் நூல் கட்டியதுபோல நின்றது. அதற்குள் தூசு மினுங்கியது. மீட்டருக்கு ஒரு சின்னப் பல்பு. என் கைக்கடிகாரத்தில் பச்சை முள். ஊசி 50.

2.05. ஊசி 50. எழுதினேன். உண்மையான ஐம்பது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

2.07. ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரமானது. புளி வாசனை இல்லை. முப்பது வருஷம் புளி மூட்டை அடுக்கிய சுவர். எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் போகாத வாசனை. அது போயிருந்தது. அதற்குப் பதில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை.

தெரசா புட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

2.09. ஊசி அசைந்தது. 51. 54. 60. வெறும் தண்ணீர். அதில் ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. 70. 85. தகட்டில் என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றது கருவி. குனிந்து பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. தகடு பளபளவென்று இருந்தது.

2.10. ஊசி 0-க்கு விழுந்தது.

விளக்கு அணைந்துவிட்டது என்று திரும்பினேன். எரிந்துகொண்டிருந்தது. கம்பி கழன்றுவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. சரி, வெளிச்சம் எங்கே தடைப்படுகிறது? உள்ளங்கையைக் கற்றைக்குள் நீட்டினேன். விளக்கின் முன்னால் கையில் வெள்ளைப் பொட்டு. தொட்டிக்கு முன்னால் பொட்டு. தொட்டியைத் தாண்டியும் பொட்டு. கையை இன்னும் ஒரு சாண் நகர்த்தினேன்.

பொட்டு இல்லை.

ஒரு விரல்கடை பின்னால் இழுத்தேன். வந்தது. முன்னால் நீட்டினேன். போனது. வெளிச்சம் அந்தரத்தில் நின்றுபோயிருந்தது. அந்த இடத்தில் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு அப்பால் தூசு மினுங்கவில்லை.

யாரோ நிற்கும்போதுதான் வெளிச்சம் அப்படி நிற்கும்.

கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை. விரல் நுனியில் வெதுவெதுப்பு...

இழுத்துக்கொண்டேன். நாற்காலியில் விழுந்தேன்.

அப்போது ஊசி எழுந்தது. விழுந்தது. எழுந்தது. விழுந்தது. டிக்... டிக்... டிக்... மீட்டரின் ஓரத்தில் முள் மோதுகிற சத்தம். சீரான சத்தம். எனக்குத் தெரிந்த தாளம். யாருக்கும் தெரிந்த தாளம். மணிக்கட்டைப் பிடித்தால் விரலில் தட்டுவது.

பென்சில் கையிலேயே இருந்தது. பழக்கத்தில் எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு 88. எழுதினேன்.

ஓடியிருக்கலாமே என்பீர்கள். கதவு பன்னிரண்டு அடி தூரம். எழுந்தேன். பென்சிலை மேஜையில் வைத்தேன்.

என் இடது புறங்காலில் இரண்டு விரல்கள் அழுந்தின.

ஈரமாக. ஜில்லென்று. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலே. எதையோ தேடுகிறதுபோல அழுத்தின. மேஜைக்கு அடியில் கும்மிருட்டு. நான் குனியவில்லை. இன்றுவரை அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

பென்சிலை எடுத்தேன். விரல்கள் விலகின.

புரிந்தது. பார்க்கவேண்டும். பார்த்து எழுதவேண்டும்.

2.15. 92.

2.20. 104. வேகம். ஏதோ பயத்தில் அடிப்பதுபோல.

2.25. நின்றுவிட்டது. ஊசி 0. ஒரு துடிப்பும் இல்லை. "0" என்று எழுதினேன். இருட்டில் எனக்கு எதிரே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அல்லது அது நான்தானோ...

2.30. திரும்பி வந்தது. 61.

2.35. 50. எத்தனை தடவை பொய்யாக எழுதிய எண்!

2.40. 44. சொட்... சொட்... தரையில் எதுவோ சொட்டுகிறது.

2.45. 30.

2.50. 12.

டிக்...

டிக்...

2.52. நின்றது.

"நின்றது" என்று எழுதினேன். முடிந்தது என்று நினைத்தேன். பென்சிலை வைக்கப் போனேன்.

விரல்கள்.

இந்த முறை அழுத்தம் அதிகம். கெஞ்சுகிற அழுத்தம்.

ஊசியைப் பார்த்தேன். 0. பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் நீர் வழிந்தது. 0. பிறகு... மிக மெலிதாக... முள் நடுங்கியது.

2.58. 18.

3.05. 14.

3.10. 11.

3.15. 6.

3.20. இல்லை.

ஊசி தானாக எழுந்து நின்றது; எந்த எண்ணில் என்று நான் பார்க்கவில்லை. தூசு மினுங்கியது. மூக்கில் புளி வாசனை ஏறியது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் கண்ணில் குத்தியது. பாஞ்சாலி மரத்தடியில் எழுந்து நின்றாள்.

"ஆச்சுங்களா?"

தலையை ஆட்டினேன்.

"நர்சம்மா வரலீங்களா வெளிய?"

"எந்த நர்சம்மா? தெரசா தருமபுரி போயிருக்கு."

"அப்ப இது யாருங்க? நீங்க உள்ளாற போயி செத்த நேரத்துல வெள்ளத் துணியில ஒரு அம்மா வந்துச்சு. எந்தக் காலுன்னு கேட்டுச்சு. எடதுன்னேன். எனக்கும் எடதுதான்னுச்சு. கெடங்குக்குப் பொறத்தாண்ட போச்சு."

"திரும்பி வந்துதா?"

"இல்லீங்க. அதாங்க கேக்கறேன்."

கிடங்கைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் வேலிக்காத்தான் முள். ஆடுகூட நுழையாது.

நாலு மணிக்கு டாக்டர் காரில் வந்து இறங்கினார். தாளை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மிஸ்டர் கனி, இது என்ன?"

"ஊசி ஆடுச்சு சார். வெறும் தண்ணில."

"நான் ஜெர்மனியில் இருந்தபோது, வெற்று ஓட்டம் ஒருநாள்கூட ஆடியது கிடையாது."

"அங்க யாராவது பாத்தாங்களா சார்?"

தெரசா இருமலை அடக்கிக்கொண்டாள். டாக்டரின் முகம் பலகையிலுள்ள பட்டங்களைப்போல நீண்டது.

"கரண்டில் ஏற்ற இறக்கம். வோல்டேஜ்! இதுகூடத் தெரியாமல் பி.எஸ்ஸி. படித்தாயா? உட்கார். வேறு தாளில் எழுது. எப்போதும் எழுதுகிற மாதிரி."

உட்கார்ந்தேன். 50, 50, 50. எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வீரனாக ஏதாவது சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இது உண்மைக் கதை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டாக்டர் தாளைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். "சனிக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்" என்று பாஞ்சாலியிடம் சொன்னார். அவள் கும்பிட்டாள். அவரை இல்லை, என்னை. ஆடிய தாள் மடித்தபடி என் சட்டைப் பையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் வரமாட்டார். கலெக்டர் ஆபீஸில் ஒரு பொன்னாடை. தெரசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பேயி இருக்குதோ இல்லியோ பாய், நீங்க ஒரு தடவையாச்சும் ஒழுங்காப் பாருங்க. நான் கூட ஒக்காந்துக்கறேன்."

இருவரும் உள்ளே உட்கார்ந்தோம். புளி வாசனை இருந்தது. ஊசி ஏறவில்லை, துடிக்கவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. மெதுவாக இறங்கியது. 50. 47. 43. 38. ஒரு மணி நேரத்தில் 31. இன்னொரு தகட்டைப் போட்டோம். 32. மூன்றாவது தகடு. 31.

அமானுஷ்யம் ஒன்றுமில்லை. நஞ்சப்பன் பூச்சு உப்புத் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் ஒரு பக்கம் பூச்சு கரைந்து ஊசியை இறக்க, இன்னொரு பக்கம் புரதம் ஒட்டி ஊசியை ஏற்ற, இரண்டும் சரிக்குச் சரியாகி ஊசி சும்மா நின்றிருக்கிறது. அதைத்தான் 'ஒட்டவே இல்லை' என்று டாக்டர் மேடை மேடையாக முழங்கினார். வெறும் தராசை யாராவது ஒருநாள் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவேண்டியவன் வேப்பமரத்தடியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான்.

மூன்று தாள்களிலும் தெரசா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸில் சேலம் கிளம்பினேன். அதே பஸ்ஸில் பாஞ்சாலி, கணவனுக்கு ரசஞ்சோறு எடுத்துக்கொண்டு. தொப்பூர் கணவாயில் பஸ் முனகிக்கொண்டு போனபோது, அவளிடம் சொன்னேன். குழாய் வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறேன் என்று.

ரசஞ்சோற்றுத் தூக்கை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப காலு?"

"கால் போயிடும்மா."

"நேத்தே சொல்லக்கூடாதுங்களா? நேத்து உங்களக் கும்பிட்டேனே."

சேலத்தில் சர்ஜன் நின்றுகொண்டே மூன்று தாள்களையும் படித்தார். நர்ஸைக் கூப்பிட்டு, "நாளைக்கு குழாய் இல்லை. முட்டிக்குக் கீழ எடுத்துடலாம்" என்றார். தீர்த்தகிரி பிழைத்தான். பல வருஷம் கணவாய் அடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்தான். ஒருமுறை போனேன். "வாங்க பாய், எங்காலை எடுத்த மவராசரே" என்று லாரிக்காரர்கள் முன்னால் கத்தினான். டீ கொடுத்தான். பாஞ்சாலி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. டாக்டர் நஞ்சப்பன் வடக்கே ஏதோ ஊருக்குப் போய் இன்னும் பெரிய பலகை வைத்ததாகக் கேள்வி.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ஜனின் அறையில் இன்னொன்றும் நடந்தது. அதை நான் தெரசாவிடம்கூடச் சொன்னதில்லை.

பையிலிருந்து அவசரமாக எடுத்துக் கொடுத்ததில் நாலாவது தாள் ஒன்றும் சேர்ந்து போயிருந்தது. வியாழக்கிழமைத் தாள். சர்ஜன் அதைக் கடைசியாகப் பார்த்தார். பார்த்தபடியே உட்கார்ந்தார்.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"நான் எழுதினதுங்க டாக்டர்."

அவர் பீரோவைத் திறந்து ஒரு பழைய காகிதக் கட்டை எடுத்தார். மேலே ஒரு பெயர். குள்ளம்மாள், வயது 34, தொப்பூர். இடது கால். 1972 மார்ச். கட்டின் முதல் பக்கமாக எங்கள் நிலையத்தின் சோதனைத் தாள் குத்தியிருந்தது. 50, 50, 50. கீழே கையெழுத்து, அ. கனி.

டாக்டர் நஞ்சப்பன் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழாய் ஏற்கனவே ஒருத்திக்கு வைக்கப்பட்டிருந்தது.

"குழாய் ஓடுதான்னு பாக்க, ஒரு நர்ஸ் கால்மாட்டில உக்காந்து, புறங்கால்ல ரெண்டு விரல் வெச்சு நாடி எண்ணுவாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை" என்றார் சர்ஜன். உள்ளேயிருந்து இன்னொரு தாளை உருவி என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். நர்ஸின் கையெழுத்து.

2.10 - 88.

2.15 - 92.

2.20 - 104.

2.25 - 0. குழாய் அடைப்பு. மறுபடி திறந்தது.

2.30 - 61.

2.35. 2.40. 2.45. 2.50. ஓர் எண்கூட மாறவில்லை.

2.52 - நின்றது.

நர்ஸின் தாள் அதோடு முடிந்திருந்தது. என்னுடையதில் இன்னும் ஐந்து வரிகள் இருந்தன. சர்ஜன் அவற்றின் மேல் விரலை வைத்தார். 18. 14. 11. 6.

"இதெல்லாம் என்ன?"

"ஆடுச்சுங்க டாக்டர். ரொம்ப மெலிசா. உத்துப் பாத்தாத்தான் தெரிஞ்சுது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மேஜையில் வைத்தார்.

"ரெண்டு அம்பத்திரெண்டுக்கு நர்ஸ் விரலை எடுத்துட்டாங்க" என்றார். "அதுக்கப்புறம் நாங்க யாரும் பாக்கலை. மூணு மணிக்கு முகத்தை மூடிக் கட்டிட்டோம்."